பெருநாளன்று பெருநாள் கொண்டாடிய குற்றம்

சாய்ந்தமருதைச் சேர்ந்த செல்வி ஸம்றாவுக்கு, விசேட பட்டக் கற்கைக்குத் தகுதிபெற மீதியிருந்த ஒரேயொரு பாடத்தில் பூச்சியம் வழங்கப்பட்டது. அவள் புரிந்த குற்றம், நோன்புப் பெருநாளன்று பெருநாள் கொண்டாடியது.

அவளுடைய விரிவுரையாளர் நிப்றாஸ் சேர் உழைப்பில் சிக்கனமானவர். கொரோனா காலத்தில் பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஏற்றிய பாடத்தை, அதன் இணையவழிப் பரீட்சையோடு சேர்த்து, வருடாவருடம் ஒரே பொத்தான் அமத்தலில் புதுப் பிள்ளைகளுக்குப் பிரதிபண்ணிவிடுவார். வீடியோவில் முகக்கவசம் போட்டபடி, "கெம்பஸ் எப்ப துறக்குமோ தெரியா, வீட்ட பத்திரமா இரிங்க" என்று கலங்குவார். பிள்ளைகள் கெம்பஸ் மண்டபத்தில் நெருக்கியடித்திருந்து அதைக் கேட்பார்கள்.

பிரதிபண்ணும்போது திகதிகளைக் கணினியே புது வருடத்துக்கு மாற்றிவிடும். பிறையை மாற்ற அதற்குத் தெரியாது. பழைய பாடத்தில் பெருநாள் விடுமுறை மே மாதம். இம்முறையோ மார்ச்சிலேயே வந்துவிட்டது, அதுவும் சரியாகப் பரீட்சை நாளில். முதல்நாள் மாலை பிறை கண்டதும், "இனி ஆரு பரீட்சை வைக்கப்போறா" என்று ஸம்றா மருதோன்றி போட உட்கார்ந்துவிட்டாள்.

பூச்சியம் வந்ததும் சேரிடம் போனாள்.

"சேர், அண்டைக்குப் பெருநாள்!"

"ஓம் புள்ள, எனக்குத் தெரியாதா? கடற்கரையில உங்கட வாப்பாக்குப் பக்கத்திலதானே தொழுத."

"அப்ப?"

"அது ஊர்ப் பெருநாள். சிஸ்டத்தில மே மாசம்தான். பாருங்க, வாழ்த்தும் போட்டிரிக்கன்."

"மே மாசத்தில நோன்பு எங்க சேர் இரிக்கி?"

"நோன்பில்லாமப் பெருநாள் கிடைச்சா நல்லந்தானே? என்னத்துக்குச் சண்டைக்கு வாறீங்க?"

அடுத்தது கணினிப் பிரிவு. அங்கே காரைதீவுச் சிவரூபினி மிஸ் மிகுந்த அனுதாபத்தோடு கைவிரித்தார்.

"பிறை கண்டதுக்கு எங்கட பிரிவுக்கு எழுத்துமூலம் அறிவித்தல் வரல்லையே தங்கச்சி."

"ரேடியோவில நாடு முழுக்கச் சொன்னாங்களே மிஸ்!"

"ரேடியோவுக்கு எங்கட சிஸ்டத்தில லொகின் இல்லையே."

ஸம்றா பீடத்துக்கு மேன்முறையீடு அனுப்பினாள். அதில் ஒரே வாதம்தான்: பெருநாளன்று எந்த மாணவரும் பரீட்சை எழுதமாட்டார். அனுப்பிவிட்டு, விசாரணைக்குச் சாட்சியாகக் கூட்டிப்போகத் தன் வகுப்புத் தோழி நஸ்லினைத் தேடிப் போனாள்.

"நான் வரேலா புள்ள."

"ஏன், சேருக்குப் பயமா?"

"இல்ல... நான் எழுதிட்டன்."

"பெருநாளண்டா?"

"எல்லாரும்தான் எழுதின. கேள்வி பழைய கேள்விதானே? சீனியர்மார்ட விடை, பெருநாள் வாழ்த்தோட சேர்ந்து வாட்சப்பில வந்திச்சி. ஒரு கையில வட்டிலப்பம், மத்தக் கையில போன்."

"எனக்கு ஏன் ஒருத்தியும் அனுப்பல்ல?"

"ஒனக்கு அனுப்பினா நீ நியாயம் கதைப்பாய்."

மேன்முறையீட்டை விசாரிக்க மூவர் கொண்ட உயர்மட்டக் குழு நியமிக்கப்பட்டது. மூவருமே பெருநாளன்று கடற்கரைத் திடலில் முன்வரிசை ஸஃப்பில் நின்று தொழுது, ஒருவரையொருவர் கட்டித் தழுவியவர்கள். ஆழ்ந்த கலந்துரையாடலின் பின் அவர்கள் அனுப்பிய பதில் வருமாறு:

"தங்களைத் தவிர்ந்த சகல மாணவர்களும் குறித்த தினத்தில் பரீட்சைக்குத் தோற்றி, முழுப் புள்ளிகளும் பெற்றுள்ளனர். பெருநாளன்று எந்த மாணவரும் பரீட்சை எழுதமாட்டார் என்ற தங்கள் வாதத்தைக் குழு முழுமனதுடன் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, அன்று பெருநாள் அல்ல என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."