தூரம் ஒழிக்கப்பட்ட ஊர்

எந்த நாட்டுக்கும் ஒரு தலைநகர் இருப்பதுபோல ஒரு கடைசி ஊரும் இருந்தே தீரும். வெண்குடை நாட்டின் கடைசி ஊருக்கு அட்டைப்பாறை என்று பெயர். அதற்கு அப்பால் மழைக்காடு. காட்டுக்கு அப்பால் மேகம். ஆண்டில் எட்டு மாதம் அங்கே மழை பெய்யும். மீதி நாலு மாதம் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். மிளகுக்கொடி, பலா, காட்டுத்தேன், நாற்பது ஓலைக் கூரைகள், கால் வைத்த இடமெல்லாம் அட்டை. ஊர் அவ்வளவுதான். கீழே இறங்க ஒரே பாதை. பாதையின் குறுக்கே முண்டனாறு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அட்டைப்பாறை உலகத்திலிருந்து கழன்றுகொள்ளும்.

வெண்குடை நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் அதே மன்னரை. அப்படி ஒரு தேர்தல் நெருங்கிய சமயத்தில்தான், நாட்டின் குக்கிராமங்களை விவரித்து எழுதும்படி அரண்மனை உத்தரவிட்டது. அட்டைப்பாறைக்குத் தலைமை அதிகாரி பரிதிவாணரே வந்தார். ஐந்து நாள் நடந்து வந்ததில் அவர் காலில் தோலைவிட அட்டைதான் அதிகம் இருந்தது.

அதிகாரிகளிடம் பேச ஊரில் ஒரே ஆள் செம்பாயி. மிளகு மூட்டையோடு தலைநகர்ச் சந்தை வரை போய்வந்த பெண் அவள். கணவன் இல்லை. மகள் மயிலியும் மருமகனும் பக்கத்துக் குடிசையில் இருந்தார்கள்.

"ஊரின் சிறப்பு யாது?" என்று கேட்டார் பரிதிவாணர்.

"அட்டைங்கய்யா."

"மக்களின் முதன்மைத் தொழில்?"

"கீழ எறங்குறது. அப்புறம் மேல ஏறுறது."

"குறை ஏதும் உண்டோ?"

"முண்டனாத்துக்கு ஒரு பாலம் வேணுங்கய்யா. வெள்ளம் வந்துட்டா உப்புப் படகு வராது, வைத்தியர் வரமாட்டாரு. போன மழையில ரெண்டு உசுரு போச்சு. ஊரு ரொம்பத் தூரத்துல கெடக்கு பாருங்க."

பரிதிவாணர் பாலத்தை எழுதவில்லை. 'தூரம்' என்ற சொல்லை மட்டும் எழுதி அடிக்கோடிட்டார். குறையை அதன் வேரிலேயே பிடித்துவிட்ட பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

மன்னரின் பிறந்தநாளன்று அறிவிப்பு வந்தது: "எம் ஆட்சியில் இனித் தொலைதூர ஊர் என்று ஒன்று இராது. தூரம் அடியோடு ஒழிக்கப்படும்." அட்டைப்பாறையில் பலாச்சுளை பங்கிட்டுக் கொண்டாடினார்கள். பாலம் வரப்போகிறது என்று ஆற்றங்கரையில் மூங்கில் புதரைக்கூட வெட்டி ஒதுக்கி வைத்தார்கள்.

வந்தது ஒரு கல்தச்சர். கையில் ஓர் உளி. ஊர் எல்லையில் 'தலைநகர் 10 காதம்' என்று பொறித்த பழைய அரசுக்கல் ஒன்று நின்றது. தச்சர் அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பத்திலிருந்த சுழியைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"பாலம் எங்கய்யா?" என்றாள் செம்பாயி.

"ஒரு காதத்துக்கு எதுக்கும்மா பாலம்?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கால் வீங்கிப் போச்சு தாயி. கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?" என்று கேட்டார்.

தூரம் ஒழிந்ததால் தொலைதூர ஊருக்கான சலுகைகளும் ஒழிந்தன. உப்பும் அரிசியும் கொண்டுவந்த படகு நின்றது. மாதம் ஒருமுறை வந்த வைத்தியர் நின்றார். ஒரு காதம் தொலைவில் இருப்பவர்கள் தாங்களே தலைநகருக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றது ஆணை. செம்பாயி ஆறு பேரோடு அரிசி வாங்கக் கிளம்பி ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

"ஒரு காதம் நடக்க ஐந்து நாளா?" பண்டகசாலை அதிகாரிக்கு உண்மையாகவே வியப்பு. "வழியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"நடந்துக்கிட்டு இருந்தோமுங்க."

"ஒரு காதம்தானே?"

"அது உங்க கல்லுல. எங்க காலுக்குப் பத்துங்க."

அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதோ பாரம்மா. அரசின் கல்லைக் காட்டிலும் உன் கால் பெரிதென்று வெளியில் சொல்லாதே. காலை எடுத்துவிடுவார்கள்."

அட்டைப்பாறை மக்கள் சோம்பேறிகள் என்று அரசு முடிவு செய்தது. அவர்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசான் அனுப்பப்பட்டார். அவரை நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆறு நாள் ஆயிற்று. காலையில் புறப்பட்டு உச்சிவேளைக்குள் வந்துவிட்டதாகத் தம் பயண அறிக்கையில் எழுதினார். வேறு எழுதினால் அவருக்கு வேலை போகும். தூக்கி வந்த நால்வரும் அதற்குச் சாட்சியாகக் கைநாட்டு வைத்தார்கள். அன்று முதல் அட்டைப்பாறைக்கு வந்த ஒவ்வோர் அதிகாரியும் அரை நாளில் வந்ததாகவே எழுதினார். அப்படி எழுதியவர்கள் பெருகப் பெருக, கல்லில் இருப்பதே உண்மை என்பதற்குச் சான்றுகளும் பெருகின.

அந்த ஆனி மழையில் மயிலிக்கு வலி எடுத்தது.

குழந்தை குறுக்கே கிடந்தது. ஊர்ப் பெண்கள் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்கள். "இது நம்ம கையில இல்ல செம்பாயி. வைத்தியருகிட்டக் கொண்டு போ" என்றார்கள். கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, மகளை அதில் கிடத்தி, மருமகனும் மூன்று ஆண்களும் தூக்கினார்கள். முண்டனாற்றில் கழுத்தளவு தண்ணீர். மூங்கிலைத் தலைக்குமேல் பிடித்துக் கடந்தார்கள். செம்பாயி ஒரு கையால் தூளியையும் மறு கையால் மகளின் விரல்களையும் பற்றிக்கொண்டாள். அந்த விரல்கள் இறுகும்போதெல்லாம் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள், வழியில் கொக்குப்பாறை என்ற இடத்தில், தூளி குலுங்கிய குலுக்கலோ குலதெய்வத்தின் இரக்கமோ, குழந்தை தானாகவே திரும்பிக்கொண்டது. மழைக்குச் சேலையைப் பிடித்து, பாறையின் மேலேயே பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை. மயிலியும் பிழைத்தாள். செம்பாயி பாறையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி மழையோடு மழையாக அழுது தீர்த்தாள்.

தாய்க்கு மருந்து வேண்டியிருந்ததால் தலைநகர்வரை போனார்கள். பிறந்த பிள்ளைக்கு அரிசிப் பங்கு எழுத வேண்டும் அல்லவா? பிறப்புப் பதிவு மண்டபத்தில் அப்போது பரிதிவாணரே தலைவராக இருந்தார். தூரத்தை ஒழித்ததற்காக அவருக்குக் கிடைத்த கூடுதல் பதவி அது.

"பிறந்த இடம்?"

"கொக்குப்பாறைங்கய்யா."

பரிதிவாணர் ஆளனுப்பி விசாரித்தார். கொக்குப்பாறையிலும் ஓர் அரசுக்கல் உண்டு. அதில் 'அட்டைப்பாறை 6 காதம்' என்று இருந்தது. ஒரு கல்லுக்குத்தான் உளிக்கூலி ஒதுக்கப்பட்டிருந்ததால் அதை யாரும் தொடவில்லை. மண்டபத்தில் இருந்த ஏழு சட்ட அறிஞர்கள் உணவு இடைவேளை வரை விவாதித்தார்கள். இரண்டும் அரசுக்கல். அரசுக்கல் பொய் சொல்லாது. அட்டைப்பாறையிலிருந்து ஒரு காதம் வந்தால் தலைநகர். ஆறு காதம் வந்தால் தலைநகரைத் தாண்டி ஐந்து காதம்; அதாவது துறைமுகத்தையும் தாண்டி, கடலையும் தாண்டி.

"குழந்தை அக்கரைத் தேசத்தில் பிறந்திருக்கிறது" என்று அறிவித்தார் பரிதிவாணர். "அந்நியன்."

செம்பாயி பேரனை இறுக அணைத்துக்கொண்டாள். "ஐயா, கடலை நாங்க கண்ணாலகூடப் பாத்ததில்ல! எங்க புள்ளய என்னா பண்ணப்போறீங்க?"

"அது அவன் எல்லைக்குள் வந்த விதத்தைப் பொறுத்தது. நடந்து வந்த அந்நியன் ஊடுருவியவன், சிறை. பல்லக்கில் வந்த அந்நியன் விருந்தினன், உபசாரம். எப்படி வந்தான்?"

செம்பாயி ஒரு கணம்தான் யோசித்தாள். "மூங்கில்ல கட்டி நாலு பேரு தூக்கியாந்தோமுங்க."

"பல்லக்கு" என்று எழுதிக்கொண்டார் பரிதிவாணர். பிறகு எழுந்து நின்று, செம்பாயியின் மடியிலிருந்த விருந்தினரை வணங்கினார். விருந்தினர் அவர் அங்கவஸ்திரத்தை நனைத்தார்.

வெண்குடை நாட்டுக்கு அக்கரைத் தேசத்தார் என்றால் அத்தனை மரியாதை. அவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகவே தலைநகரின் குடிசைகளைத் துணிகட்டி மறைப்பது வழக்கம். குழந்தை ஊர் திரும்பியதும் அரிசியும் பாலும் படகில் வந்தன. வைத்தியரும் வந்தார், குழந்தைக்காக மட்டும். குடிமக்களைத் தொட்டுப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை. ஊர் அதற்கும் ஒரு வழி கண்டது.

"குழந்தைக்கு முட்டி வலிங்கய்யா" என்று பேரனைத் தூக்கிக்கொண்டு போனாள் செம்பாயி.

வைத்தியர் அவள் முழங்காலைப் பார்த்தார். "பிறந்து இரண்டு மாதத்தில் முட்டி வலியா? பாவம். தைலம் தருகிறேன்." அடுத்து நின்ற கிழவரைப் பார்த்து, "குழந்தைக்கு இருமல் எத்தனை வருடமாக?" என்று கேட்டார். அந்த ஆண்டு அந்தக் குழந்தைக்கு வராத நோயே இல்லை.

முண்டனாற்றுக்குப் பாலமும் வந்தது. விருந்தினர் தாயகம் திரும்ப நினைத்தால் கால் நனையக் கூடாதல்லவா? கல்தூண் நட்டு, தேக்குப் பலகை பாவி, முகப்பில் 'குடிமக்கள் நடக்கத் தடை' என்று பலகையும் மாட்டினார்கள். காவலன் மயிலியைத் தடுத்தான். குழந்தைக்கு நடக்க வராதே என்று அவள் முறையிட, விவகாரம் அரண்மனைவரை போய்த் தீர்ப்பு வந்தது: குழந்தையைச் சுமக்கும் வேளையில் தாய் குடிமகள் அல்ல, விருந்தினரின் வாகனம், வாகனம் பாலத்தில் போகலாம். மயிலி கழுத்தில் 'வாகனம்' என்று முத்திரைத் தகடு கட்டினார்கள்.

அன்று பாலத்தின் நடுவில் நின்று கீழே புரண்ட வெள்ளத்தைப் பார்த்தாள் மயிலி. ஆற்றோரத்தில் செம்பாயி இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலம்மா!" என்று கத்தினாள் மகள்.

"நீ மொதல்ல புள்ளயப் பத்திரமாக் கொண்டு போ! அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!"

அடுத்த மழைக்குள் ஊரின் கர்ப்பிணிகள் எல்லாம் மாதம் நெருங்கியதும் தூளி கட்டிக் கிளம்பினார்கள். பிறகு பக்கத்து மலை ஊர்களிலிருந்தும் வந்தார்கள். அட்டைப்பாறைக் கல்லைத் தொட்டுப் புறப்பட்டால்தான் சட்டப்படி கணக்கு என்பதால் எல்லாரும் முதலில் மேலே ஏறி வந்தார்கள். கொக்குப்பாறையில் செம்பாயி ஓலைப்பந்தல் போட்டாள். எத்தனையோ பிள்ளைகள் அவள் கையில் விழுந்தார்கள். அத்தனையும் அக்கரைத் தேசத்துப் பிள்ளைகள்.

மன்னர் இதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். "பாருங்கள்! அந்நியர்கள் அலையலையாக நம் நாட்டைத் தேடி வருகிறார்கள்!" என்று தேர்தல் மேடைகளில் முழங்கினார். கூட்டம் கை தட்டியது. குடிமக்கள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்தத் தேர்தலிலும் அவரே வென்றார். அதற்கு அடுத்த ஐப்பசியில் மலைப்பாதையில் வேறு வகைப் பல்லக்குகள் ஏறி வரத் தொடங்கின. பட்டுத் திரை போட்டவை. முதலில் ஒரு வணிகர் வீட்டு மருமகள். பிறகு தளபதியின் மகள். பிறகு, அந்நியரை விரட்ட வேண்டும் என்று சபையில் மேசையைத் தட்டிப் பேசிய அமைச்சரின் இரண்டு மகள்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளாமல் கல்லைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஒரு மாலை, கொட்டும் மழையில், ஒரு பட்டுப் பல்லக்கின் பின்னால் குடையில்லாமல் ஓடி வந்தவர் பரிதிவாணர். உள்ளே அவருடைய ஒரே மகள். கல்லைத் தொட்டுப் புறப்பட்டு முண்டனாற்றங்கரைக்குக்கூட வரவில்லை. அவளுக்கு வலி கண்டுவிட்டது. மேலே ஊரிலிருந்த செம்பாயியைக் கூட்டிவர ஆள் ஓடியது. அவள் வந்து திரையை விலக்கிப் பார்த்தாள். பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

"எறக்குங்கப்பா பல்லக்க. இங்கனயே ஆயிரும்."

"கூடாது!" என்று பாய்ந்து வந்து பல்லக்கின் கொம்பைப் பிடித்தார் பரிதிவாணர். "தூக்குங்கள்! ஓடுங்கள்!"

"ஐயா, இனித் தூக்கினா ரெண்டு உசுருக்கும் ஆவத்து."

"உனக்குத் தெரியாதம்மா, என் பேரப்பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும்." சேற்றில் மண்டியிட்டு, திரைக்குள் தலையை நுழைத்து, கை கூப்பி, நாட்டின் தலைமை அதிகாரி தம் மகளிடம் கெஞ்சினார்:

"கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணே. பல்லைக் கடித்துக்கொள். இங்கே மட்டும் பெற்றுவிடாதே, தாயே. இது இன்னும் நம் நாடுதான்!"