கல்யாண பஸ்ஸும் சாணிப் பிள்ளையார்களும்

ஒன்றைக் கற்றுக்கொடுக்க அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொண்டால் போதும். பெரியவர்கள் என்றால் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். குழந்தைகள் கேட்கமாட்டார்கள். சொன்னதை அப்படியே நம்பி, ஒருநாள் அப்படியே செய்தும் விடுவார்கள். குறுக்குக் கேள்வியே தேவலை என்று அன்றைக்குத்தான் தோன்றும். எனக்கு அது என் கல்யாணத்தன்று காலையில் தோன்றியது.

எழுபதுகளின் கடைசி. சேலத்துப் பத்திரிகை ஒன்றுக்கு நான் ஏற்காடு நிருபர். ஏற்காட்டில் அன்று செய்தி என்று எதுவும் நடக்காது. பனி மூடும், விலகும். கொண்டை ஊசி வளைவில் லாரி நிற்கும், அப்புறம் கிளம்பும். இதை வைத்துக்கொண்டு அரைப் பத்தி நிரப்ப வேண்டும். நிரப்பினேன். 'பொதுமக்கள் பெரிதும் அவதிப்பட்டனர்' என்ற ஒரே வரியை வைத்து மாதக்கணக்கில் பிழைத்திருக்கிறேன். (அவதிப்பட்ட பொதுமக்கள் பெரும்பாலும் லாரி டிரைவரும் கிளீனரும்தான்.)

இந்தத் திறமையைத்தான் கோயில் கமிட்டித் தலைவர் அறிவு என்று எடுத்துக்கொண்டார். ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்கில் ஓட்டல் நடத்திவந்தவர் அவர். ஒருநாள் டீ கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நம்ம புள்ளைங்க இங்கிலீசு பாட்டு நொம்ப நல்லாப் பாடுதுங்க தம்பி. பிள்ளையாருக்குத் தம்பி யாருன்னு கேட்டா மோட்டுவளையப் பாக்குதுங்க. ஞாயித்துக்கெழமை ஒரு மணி நேரம் சாமிப் பாட்டு, கதை, கைவேலைன்னு சொல்லிக் குடுங்க. பேப்பர்ல எழுதறவரு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

இந்தக் கேள்விக்கு 'தெரியாது' என்று பதில் சொன்ன பத்திரிகைக்காரனை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் சொல்லவில்லை. கோயில் பூசாரி சின்னசாமி பக்கத்து பெஞ்சில்தான் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைச் சத்தமாக வைத்துவிட்டுப் போனார்.

முதல் வகுப்பிலேயே என் சரக்கு கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. இரண்டு பாட்டு, ஒரு மாம்பழக் கதை, அவ்வளவுதான். கடைத்தெருப் பிள்ளைகளும், பக்கத்து ஊரான தலைச்சோலையிலிருந்து நடந்து வந்த பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பத்தியை நிரப்பத் தெரிந்தவனுக்கு இது ஒரு பிரச்சினையா? நான் விதிகளை உற்பத்தி செய்ய ஆரம்பித்தேன்.

கைவேலைக்குப் பிள்ளையார் பிடிப்பது என்று முடிவானது. மலை மண் ஈரம் காய்ந்ததும் பொரிந்து உதிர்ந்தது. பிள்ளையார்களுக்கு வகுப்பு முடிவதற்குள் வயதாகிவிட்டது. எனவே சாணிக்கு மாறினோம். சாணியைக் கூம்பாகப் பிடித்து, தலையில் ஓர் அருகம்புல் செருகினால் அது பிள்ளையார். புல் செருகும்வரை சாணி. செருகிய பிறகு சாமி. இதுவரை நான் சொன்னது ஊரறிந்த வழக்கம். இதற்கு மேல் எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு.

பிடித்து வைத்த பிள்ளையாரைப் பூசை முடியாமல் நகர்த்தக் கூடாது. ஒருவருக்குச் செய்த பூசை இன்னொருவருக்குச் சேராது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு தோப்புக்கரணம். (ஏன் பன்னிரண்டு என்று யாராவது கேட்டிருந்தால் மாதத்துக்கு ஒன்று என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.) மாம்பழக் கதையில் பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுற்றியதால், நாம் பிள்ளையாரைச் சுற்ற வேண்டும். சுற்றும்போது பேசக் கூடாது; பேசினால் முதலிலிருந்து. இந்தக் கடைசி விதி வகுப்பில் அமைதி நிலவுவதற்காக நான் இயற்றியது. அதன் பலனைக் கண்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பொன்னி என்று ஒரு பெண். எட்டு வயது இருக்கும். ஒரு விதியையும் மறக்கமாட்டாள். ஒருநாள் அவள் எழுந்தாள்.

"ஏனுங்க சார், பஸ்ஸுக்குப் பூசை போட்டா சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெக்கறாங்களே, அது எதுக்குங்க?"

அன்று எனக்குப் பகுத்தறிவு முற்றியிருந்தது. "எலுமிச்சம்பழத்துல என்ன இருக்கு கண்ணு? ஊறுகாய் போடலாம். எந்தக் காரியம் ஆரம்பிச்சாலும் முன்னால பிள்ளையார் இருக்கணும். அதுதான் முக்கியம்" என்றேன்.

பொன்னி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

அந்த வருடமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சேலம், பெயர் சரோஜா. பெண் வீட்டு மண்டபத்தில் காலை பத்தரைக்குள் தாலி கட்ட வேண்டும். அதற்குப் பிறகு நேரம் சரியில்லை. முதல் நாளே போய்த் தங்குவதுதான் முறை. ஆனால் என் அப்பாவுக்கு ஒண்டிக்கடையில் மளிகைக் கடை. பொழுது சாய்ந்த பிறகு கல்யாண வண்டி மலை இறங்கக் கூடாது என்பது அவருடைய சாத்திரம். சாயங்கால வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் உட்பொருள். எனவே கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குக் கடை வாசலிலிருந்து பஸ் கிளம்புவதாக ஏற்பாடு.

பட்டு வேட்டியும் மாலையுமாக நான் பஸ்ஸுக்கு வந்தபோது உறவினர்கள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். என் மாணவர்களும் ஏறியிருந்தார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். டிரைவர் மாரப்பன் மட்டும் கீழே குந்தி, சக்கரத்துக்கு முன்னால் கைகூப்பியபடி இருந்தார். எவ்வளவு பக்தியான மனிதர் என்று நினைத்தேன்.

"தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார்.

முன் சக்கரத்துக்கு முன்னால், எலுமிச்சம்பழம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சாணிப் பிள்ளையார். குங்குமப் பொட்டு, அருகம்புல் எல்லாம் முறைப்படி. அடுத்த சக்கரத்திலும் ஒருவர். பின்னால் இரண்டு பக்கமும் அப்படியே.

"நாங்கதான் சார் வெச்சோம்!" என்று ஜன்னலிலிருந்து பொன்னி கத்தினாள். முகம் முழுக்கப் பெருமை.

"மாரப்பண்ணா, வண்டியை எடுங்க" என்றேன்.

"எப்படிங்க ஏத்தறது?"

"சாணிதானுங்களே."

"புல்லு வெக்கற வரைக்கும் சாணிங்க. இப்பச் சாமியாச்சே! இவரு மேல வண்டிய ஏத்திப்போட்டு, அப்பறம் அத்தன வளைவு எறக்கோணுமுங்க. நான் புள்ளகுட்டிக்காரனுங்க."

வண்டியைப் பின்னால் எடுத்து ஒதுக்கலாமே என்று பஸ்ஸின் பின்பக்கம் போனேன். அங்கே, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் இன்னொருவர் அமர்ந்திருந்தார்.

"அது திரும்பி வாரதுக்குங்க சார். அக்காவக் கூட்டிக்கிட்டு வருவீங்கல்ல!" என்றாள் பொன்னி.

மொத்தம் எட்டுப் பேர். பஸ் முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. ஏற்காட்டின் வரலாற்றில் இவ்வளவு கச்சிதமான சாலை மறியல் நடந்ததில்லை. அதைப் பற்றி எழுத வேண்டிய நிருபர் மாலையும் கழுத்துமாக நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

நான் குனிந்து முதல் பிள்ளையாரைத் தூக்கப் போனேன். பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "சார்! பூசை முடியாம நகத்தக் கூடாது!" என்றார்கள். என் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஆருடா சொன்னது அப்படி?"

"சார்தானுங்க சொன்னாரு" என்றாள் பொன்னி.

"அப்ப மரியாதையா முடிச்சுட்டு வா. அவரைத் தாண்டிப் போயித் தாலி கட்ட நான் உட மாட்டேன்" என்றாள் அம்மா.

கடைசி நம்பிக்கையாகப் பூசாரியைப் பார்த்தேன். சின்னசாமி முன் சீட்டில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அதென்னமோ எங்க பாட்டன் காலத்துல இந்த முறையெல்லாம் இல்லீங்க தம்பி" என்றார் மிகப் பணிவாக. "சொல்லிக் குடுத்தவங்களே பண்ணறதுதான் நல்லது."

ஆரம்பித்தேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கடையைத் திறந்து, நைவேத்தியத்துக்கு வெல்லம் எடுத்துவந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன் சக்கரத்துக்கு எதிரே பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன். பொன்னி இறங்கிவந்து பக்கத்தில் நின்று எண்ணினாள். அரைகுறையாக உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது சுற்றுவது. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் அமர்ந்திருப்பவரை எப்படிச் சுற்றுவது? பஸ்ஸோடு சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். சுற்றினேன். பாதிச் சுற்றில் அப்பா, "மணி என்னாச்சு தெரியுமாடா?" என்றார். "தெரியும்" என்றேன்.

"சார் பேசிட்டாரு! மொதல்ல இருந்து!"

இதற்குள் ஒண்டிக்கடையில் டீ குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். சுற்றுலா வந்த ஒருவர், மாப்பிள்ளை வாய் பேசாமல் வாகனத்தை வலம் வருவது மலைவாசிகளின் பழங்காலத் திருமணச் சடங்கு என்று தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மறுக்கலாம் என்றால் நான் பேசக் கூடாது. (என் செய்திகளில் பாதி இப்படித்தான் பிறந்திருக்கின்றன என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.)

எட்டாவது பிள்ளையாரையும் பூசை முடித்து ஓரமாக எழுந்தருளச் செய்தபோது எட்டரை தாண்டிவிட்டது. தொண்ணூற்றாறு தோப்புக்கரணத்தில் என் தொடைகள் எனக்குச் சொந்தமில்லாதவை ஆகிவிட்டன. என்னைத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

இரண்டு வளைவு இறங்கியதும் பூசாரி திரும்பிப் பார்த்தார். "எட்டுப் பேரையும் ஒரே தட்டத்துல வெச்சு, ஒரு சூடத்தக் காட்டிக் கும்புட்டிருந்தாப் போதுமுங்க தம்பி."

"அதை ஏன் அப்பவே சொல்லலை?"

"ஆரும் கேக்கலீங்களே."

பத்து மணிக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தோம். நேரம் இருக்கிறது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நான் பஸ் படியில் காலை வைத்தேன், கால் மடங்கியது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு எதிரே, மண்டப வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். வேட்டியில் சாணி. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கையை விட்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

பெண்ணின் சித்தப்பா கவனித்துக்கொண்டே இருந்தார். மைக் செட்டுப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் அப்பாவிடம் வந்தார்.

"ஏனுங்க, மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதாச்சும் கொறைங்களா? தரகர் ஒண்ணும் சொல்லலியே."

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தோப்புக்கரணம் போட்டான்" என்றார் அப்பா.

"கல்யாணத்தன்னிக்கா? அப்படி என்னங்க தப்புப் பண்ணினாரு?"

அப்பா என்னைக் கைகாட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். எட்டுப் பிள்ளையார், பஸ்ஸைச் சுற்றியது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. சித்தப்பாவுக்குச் சுத்தமாக இல்லை.

"பொண்ணு வாழ்க்கைங்க. மாப்பிள்ளை ஒருக்கா உக்காந்து எந்திரிச்சுக் காட்டட்டும். அப்புறமேட்டுத் தாலியப் பத்திப் பேசலாம்."

உலகத்தில் என்னால் செய்ய முடியாத ஒரே காரியம் அந்த நிமிடத்தில் அதுதான். முயன்றேன். உட்கார்ந்தேன். அதோடு சரி. பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் எட்டிப் பார்த்து, இலை போடலாமா என்று கேட்டார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

அப்போது மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பொன்னியிடம் போய்க் குனிந்தாள்.

"நீ சொல்லு கண்ணு. உங்க சார் நெஜமாலுமே தோப்புக்கரணம் போட்டாரா?"

"போட்டாருங்க அக்கா. ஆனா ஒழுங்காப் போடலீங்க. வலது கையில வலது காதப் புடிச்சாரு. நாந்தான் மாத்தி உட்டேன்."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினாள். "இத்தனை கேவலமா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க சித்தப்பா. இது நெஜமாத்தான் இருக்கும். தூக்கிட்டு வாங்க அவரை."

தூக்கிக்கொண்டு போனார்கள். நேரத்துக்குள் தாலி கட்டினேன். அதற்குக் கால் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் வகுப்பைப் பூசாரி எடுத்துக்கொண்டார். நான் பழையபடி லாரிகளுக்குத் திரும்பினேன்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. நான் அக்கினியைச் சுற்றுகிறேன். முன்னால் நான், கையைப் பிடித்தபடி பின்னால் சரோஜா. எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு மைத்துனர்கள், கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது போல என் கக்கத்தில் கை கொடுத்து இறுகப் பிடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் ஆல்பம் அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். முதலில் என் மகள் கேட்டாள், பிறகு மருமகன் கேட்டார், போன மாதம் பேரன் கேட்டான்.

"ஏன் பாட்டி, தாத்தாவை ரெண்டு பேர் புடிச்சிட்டிருக்காங்க? தாத்தா ஓடப் பாத்தாரா?"

நடந்ததை விளக்க நான் தொண்டையைச் செருமுவேன். அதற்குள் சரோஜா, இத்தனை வருடமாகச் சொல்லும் அதே பதிலை, அதே முகத்தோடு சொல்லிவிடுவாள்.

"ஓடத்தான் பாத்தாரு. காலு வரலே."