வால்வில் படியாத கரி

இன்டர்நெட்டில் பாதி படித்துவிட்டு மீதியைத் தானே ஊகித்துக்கொள்ளும் ஆளுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். எனக்குக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதுதான் கதை.

அப்போது எனக்குப் புதுக் கார் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். கரமனையில் வீடு, ஆரியசாலையில் அப்பாவின் புளி மண்டி. நடந்தே போகலாம் (புதுக் கார் வாங்கியவன் எப்படி நடப்பான்?). போக வர இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் ஷாஜி சேட்டன், மண்டிக்காரன் என்றும் பாராமல் என் வயிற்றிலேயே புளியைக் கரைத்தார். பழைய எஞ்சினில் பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். இதில் நேராக உள்ளே பீய்ச்சுவதால் வால்வைக் கழுவ நாதியில்லை. ஆயில் புகை படிந்து கரி கட்டிவிடும், அதுவும் இப்படிக் குட்டி ஓட்டம் ஓடினால் சீக்கிரமே கட்டும் என்றார். ஆயிலை நேரத்துக்கு மாற்றச் சொன்னார். பிறகு இந்த மந்திரத்தையும் சொன்னார்:

"ஆழ்ச்சையில ஒரு திவசம் பைபாஸ்ல கொண்டுபோயி நல்லா சவிட்டி விடணும், கேட்டோ."

வாரம் ஒருநாள் நன்றாக மிதித்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று ஞாயிற்றுக்கிழமையைக் கரி நாள் ஆக்கினேன். இன்டர்நெட்டில் பாதி படித்து, மீதியை ஊகித்து நானே வகுத்த கணக்கு: மூன்றாவது கியர், ஆர்பிஎம் முள் நாலாயிரத்தில், இருபது நிமிடம். பஞ்சாங்கத்தில் வரும் கரிநாள் வேறு, அதில் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது என்று அம்மா சொன்னாள். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மார்த்தாண்டத்திலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து புளிக்கும் வெல்லத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கும் சம்மதம்தான். அவள் அப்பா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவரோ முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

தம்பானூர் ஸ்டேஷனில் இருவரையும் ஏற்றிக்கொண்டேன். அவர் முன்னால், அத்தை பின்னால், அத்தையின் மடியில் ஒரு டின் முந்திரிக்கொத்து. வீடு பத்து நிமிடத் தொலைவு. ஆனால் கரி நாளாயிற்றே. ஊரையும் காட்டலாம், வால்வையும் காப்பாற்றலாம் என்று வண்டியை ஈஞ்சக்கல் வழியாக பைபாஸில் ஏற்றினேன். மூன்றாவது கியர். நாலாயிரம். எஞ்சின் ஊளையிட்டது.

சற்று நேரம் பொறுத்துப் பார்த்தவர், "மக்களே, வண்டிக்கு வல்ல தீனமும் உண்டுமா?" என்று கேட்டார். இல்லை மாமா, நோய் வராமல் இருக்கத்தான் இது என்று வால்வு, ஆயில் புகை, கரி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வியப்பில் வாயடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். (அடைத்திருந்தது நெஞ்சு என்று பின்னால் சொன்னார்.)

சர்வீஸ் ரோட்டிலிருந்து நேந்திரங்குலை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி மெதுவாக எங்கள் முன்னால் வந்து சேர்ந்தது.

"சவிட்டு" என்றார் மாமா.

மலையாளம் கலந்த எங்கள் ஊரில் இந்த ஒரு சொல்லே இரண்டு பெடலுக்கும் பொது. சவிட்டி விடு என்றால் ஆக்ஸிலரேட்டர், சவிட்டி நிறுத்து என்றால் பிரேக். வெறும் சவிட்டு என்றால், எதிரே இருப்பதைப் பார்த்து நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் எதிரே பார்க்கவில்லை. ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகா, எஞ்சின் அறிந்த மாமனார் வாய்த்தாரே என்று பூரித்துப்போய் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவர் செய்தது. வலது காலால் இல்லாத பிரேக்கை ரப்பர் மேட்டில் ஓங்கி மிதித்தார். அதே வேகத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் கோணிக்கொண்டு போய் வாழைக்குலைகளில் முகத்தைப் புதைத்து நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. முந்திரிக்கொத்து மட்டும் காரெங்கும் சிதறி, ஒன்று என் சட்டைக் காலருக்குள் இறங்கியிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கறுப்பாகக் கொஞ்சம் புகை.

"மாமா, கரி வெளிய போவுது" என்றேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

அவர் இறங்கி, குட்டியானைக்காரரைச் சமாதானம் செய்துவிட்டு, என்னை இடது பக்கம் உட்காரச் சொல்லி, தானே கரமனைக்கு ஓட்டினார். எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் என் அப்பாவிடம் சொன்னார்:

"சவிட்டுன்னேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம சவிட்டுனான். எம்மவளுக்கு இப்பிடிப்பட்ட ஆளுதான் கொள்ளாம், சரியா இருக்கும்."

இப்போதும் ஞாயிறுதோறும் பைபாஸ் போகிறோம். ஓட்டுவது பஸ் டிரைவர் மகள். என் பக்கத்து ரப்பர் மேட்டில் குதிகால் பட்டுப் பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. முன்னால் வண்டி எதுவும் தெரிந்தால் அவள் வேண்டுமென்றே, "ஏங்க, சவிட்டட்டா?" என்று கேட்பாள். பின் சீட்டிலிருந்து மகள், "எந்த சவிட்டும்மா?" என்பாள்.

போன மாதம் ஷாஜி சேட்டன் எஞ்சினுக்குள் குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்தார். வால்வெல்லாம் பளபளவென்று இருக்கிறதாம், கரி அத்தனையும் எங்கே போயிற்று என்று அவருக்கே ஆச்சரியம். என் மனைவி என் முகத்தைக் கைகாட்டினாள்.