மாமியாருக்கு மாட்டிவிட்ட வாட்ச்

மனைவி வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்றால்கூட, மாப்பிள்ளையாகப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் நல்லது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோ காலில் பேசுகிற வாய் அது.)

கல்யாணமான பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். திருப்பூரிலிருக்கும் மாமியாருக்கு ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் கையில் மாட்டிவிட்டேன்.

"ஏனுங்க மாப்ள, இது சாக்கு கீக்கு அடிச்சுப்போடாதுங்களே?"

"அதெல்லாம் இல்லீங்க அத்தை. அஞ்சே நிமிசத்துல செட் பண்ணிர்றனுங்க. நீங்க டென்சனே ஆக வேண்டாம்."

மாமியார் டென்சன் ஆகவில்லை. எனக்குத்தான் பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு வேர்த்துவிட்டது. ஒருவழியாக அவர் போனோடு அதை இணைத்து முடித்தபோது, செய்முறை வீடியோ பார்த்துப் பார்த்து என் போனில் சார்ஜும் முடியப் போயிருந்தது. கட்டியிருப்பவர் கீழே விழுந்தால், சொந்தக்காரர்களுக்குத் தானாகவே செய்தி அனுப்புகிற வசதி அந்த வாட்ச்சில் இருந்தது. யாரும் விட்டுப்போகக் கூடாதென்று மாமியாரின் நெருங்கிய சொந்தங்கள் அத்தனை பேரையும் சேர்த்தேன். முதல் பெயர், ஊத்துக்குளியிலிருக்கும் அவருடைய தம்பி ஜான் மாமா. (அக்கா தும்மினாலே டாக்டரோடு வந்து நிற்பவர்.)

மனைவி அக்கம்பக்கத்துக்குக் கேக் கொடுக்கப் போனாள். நான் போனை அணைத்துச் சார்ஜில் போட்டுவிட்டு, சாதித்த களைப்பில் சோபாவில் தூங்கிப்போனேன்.

சமையலறையில் மாமியார் பிரியாணிக்கு இஞ்சியைக் குழவியால் நச்சென்று நசுக்கியிருக்கிறார். அந்த வேகத்தில், அவர் விழுந்துவிட்டதாக வாட்ச் நினைத்துக்கொண்டு அதிர்ந்திருக்கிறது. சாக்கடிக்கிறதென்று பயந்த மாமியார், அதைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மிக்ஸியைப் போட்டிருக்கிறார். அசைவே இல்லையே என்று கவலைப்பட்ட வாட்ச், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது: விழுந்துவிட்டார், பதில் இல்லை.

ஜான் மாமா பதறிப்போய் அக்காவுக்கு அடித்திருக்கிறார். அவர் போன் மறுபடி கைப்பைக்குள் போயிருந்தது, சர்ச்சுக்காக வாயடைக்கப்பட்டபடியே. எனக்கு அடித்திருக்கிறார். அணைத்திருந்தது. என் மனைவிக்கு அடித்தது, அவள் உள்ளறையிலேயே விட்டுப்போன போனில் அடித்து ஓய்ந்தது. அவருக்கு அதற்குமேல் என்ன சந்தேகம் இருக்க முடியும்?

வாசலில் எழுந்த அழுகைச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். ஆள் ஏற்றும் பனியன் கம்பெனி வேன் ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து மனைவியின் சித்தி, பெரியப்பா, குழந்தை குட்டிகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முன்னால், ஆளுயர ரோஜா மாலையோடு ஜான் மாமா.

"அக்கா! எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிட்டியேக்கா!"

சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த மாமியார், மாலையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஏண்டா தம்பி, கிறிஸ்மஸுக்கு மாலையெல்லாம் எதுக்குடா? ஒரு கேக்கு போதாதா?"

ஜான் மாமா அக்காவைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதார். இது வேறு அழுகை. பிறகு விஷயம் ஃபிரிட்ஜ் மேலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"மாப்ள, நீங்க எங்கீங்க இருந்தீங்க?" என்றார் ஜான் மாமா, மரியாதை குறையாமல்.

"தூங்கிட்டு இருந்தனுங்க."

வேனில் வந்தவர்களுக்கே பிரியாணி பற்றவில்லை. நான் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டேன். மாலையைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று அதை என் கழுத்தில் போட்டுப் படமும் எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்றும் அதுதான் முகப்புப் படம்.

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் ஜான் மாமா கிளம்பும் முன் அக்காவுக்குப் போன் செய்து, எனக்குக் கேட்க வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுக் கேட்பார்:

"அக்கா, இந்த வருசம் கேக்கு வாங்கிட்டு வரட்டுமா, இல்ல மாலையே வாங்கிட்டு வந்தரட்டுமா?"