முதல் எபிசோடில் சாக வேண்டிய தேவாங்கு

ஒரு காட்டில், செல்போன் டவரை ஒட்டி நின்ற நாவல் மரத்தில், அழகேசன் என்ற தேவாங்கு மனைவி செங்கமலத்தோடும் இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தது. நல்ல தேவாங்கு. யார் வம்புக்கும் போகாது. போக நினைத்தாலும், அது போய்ச் சேர்வதற்குள் வம்பு முடிந்துவிடும்.

அதுதான் அதன் குறை. நாக்கு மட்டும் ஊர் வேகத்தில் ஓடும். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நகரும். கூரியர் வேலைக்குப் போனது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அணில் வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அணில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மாங்கன்று துளிர்விட்டிருந்தது. அடுத்து, கூட்டுறவு வங்கியில் காவல் வேலை. "இவ்வளவு பெரிய கண்ணுக்குத் தப்பி எந்தத் திருடன் வருவான்?" என்று ஆசையாகத்தான் சேர்த்தார்கள். ஒரு மரநாய் திருட வந்தது. அழகேசன் அதை நன்றாகவே பார்த்தது. உடனே அபாய மணியை அழுத்தக் கையைத் தூக்கியது. மணி அடித்தபோது, அந்த மரநாய் பிடிபட்டு, தண்டனை முடிந்து, திருந்தி, அதே வங்கியில் கணக்குத் தொடங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வேண்டிய பூச்சி புழுவையெல்லாம் செங்கமலம்தான் பிடித்து வந்தது. அதுவும் தேவாங்குதான். ஆனால் இரண்டு குட்டிகளைப் பெற்றபின் நிதானம் கட்டுப்படியாகாது. தாய் வீட்டிலிருந்து போன் வந்து "மாப்பிள்ளை என்ன செய்யறார்?" என்று கேட்டால், "யோசிச்சிட்டிருக்கார்" என்று சொல்லிச் சமாளிக்கும். பக்கத்துக் கிளையில் இருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் அழகேசன் முகத்தை இலைக்குள் மறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு வேலையையாவது உருப்படியாக முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்ளும்.

ஒருநாள் செங்கமலம் மூச்சிரைக்க வந்தது.

"என்னங்க, டிவிக்காரங்க புதுசா ஒரு தொடர் எடுக்கறாங்களாம். விஞ்ஞானக் கதையாம். வேற்றுக்கிரகத்துக்காரனா நடிக்க ஆள் தேடறாங்க."

"எப்படி இருக்கணுமாம்?"

"குச்சி மாதிரி கை கால். முகம் முழுக்கக் கண்ணு. பார்த்த உடனே தூக்கிவாரிப் போடணுமாம்."

அழகேசன் யோசித்தது. "அப்படி நம்ம சொந்தத்துல யாரும் இல்லையே, செங்கமலம்."

செங்கமலம் புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்து பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அழகேசனுக்குப் புரிந்தது.

"உனக்கு என்னைப் பார்த்தா தூக்கிவாரிப் போடுதா?"

"எனக்குப் பழகிடுச்சுங்க. கிளம்புங்க."

தொடரின் பெயர் 'பதினோராவது கிரகம்'. அதுவரை காட்டுத் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் கதைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இதுதான் முதல் விஞ்ஞானத் தொடர். இயக்குநர் ஒரு மரங்கொத்தி. பேசும்போதே எதையாவது கொத்திக்கொண்டிருக்கும். இளவயதிலிருந்து இந்தக் கதையைத்தான் மண்டைக்குள் வைத்திருந்தது. எந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா, அங்கே மழை என்ன நிறத்தில் பெய்யும், அங்கிருப்பவர்கள் தும்மினால் என்ன சொல்லிக்கொள்வார்கள் என்பது வரை அதற்குத் தெரியும்.

அழகேசனைப் பார்த்ததும் மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது.

"மேக்கப் வேண்டாம்," என்றது. "சரி, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடந்து காட்டு."

அழகேசன் நடந்தது. மரங்கொத்தி சாப்பிட்டுவிட்டு வந்தது. அழகேசன் இன்னும் நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஏச்சு விழப்போகிறது என்று அது கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டபோது, மரங்கொத்தி சிறகடித்துக் கூவியது.

"இதுதான்யா! ஈர்ப்புவிசை இல்லாத இடத்துல பிறந்து வளர்ந்தவன் இப்படித்தான் நடப்பான். எங்கேய்யா கத்துக்கிட்டே?"

"எப்பவும் இப்படித்தாங்க சார்."

"இப்படியே இரு. மாறிடாதே!"

தன் நடையை ஒருவர் பாராட்டி அழகேசன் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்து நினைத்து நடந்ததில் இன்னும் தாமதமாகிவிட்டது. அதற்குள் செங்கமலம் செய்தியைக் காடு முழுக்கப் பரப்பியிருந்தது. தாய் வீட்டுக்குத் தானே போன் போட்டு, "மாப்பிள்ளை டிவியில வரார்" என்று சொல்லி, எதிர்முனை வாயடைத்துப் போனதைச் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பு நாள் வந்தது. அன்று மாலையே முதல் எபிசோடு ஒளிபரப்பாக வேண்டும் என்று ஏற்பாடு. பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றில் பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாளைச் சுற்றி விண்கலமாக நிறுத்தியிருந்தார்கள். கதாநாயகன் மயில். விண்வெளி வீரனின் உடைக்குள் தோகையை எப்படித் திணித்தாலும் எங்காவது பிதுங்கிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் அது யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சேனல் தலைவர் கரடி மேற்பார்வைக்கு வந்திருந்தது. கதையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தது.

"எல்லாம் சரி. மாமியார் எங்கே?"

"சார், இது விஞ்ஞானக் கதை."

"விஞ்ஞானிக்கு மாமியார் இருக்கக் கூடாதா?"

மரங்கொத்தி கெஞ்சிக் கூத்தாடி மாமியாரைத் தவிர்த்தது. கடைசியில், வேற்றுக்கிரகத்துக்காரன் பூமியில் வலதுகாலை எடுத்து வைத்துத்தான் இறங்க வேண்டும் என்று கரடி போட்ட ஒரே நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டது.

அழகேசன் வலதுகாலை எடுத்து வைத்து இறங்கியது. காலையில் இறங்க ஆரம்பித்து மதியத்துக்குத் தரையைத் தொட்டது. "பூமியில் உள்ளவர்களே, சமாதானம் பேச வந்திருக்கிறேன்" என்று கணீரென்று சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். அழகேசனுக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. தண்ணீர் குடிக்க ஒதுங்கிய இயக்குநரிடம் போய் நின்றது.

"சார், நாளைக்கு எனக்கு என்ன சீன்?"

"நாளைக்கா? நீதான் இன்னைக்கே செத்துடறியே. யாரும் சொல்லலையா?"

அழகேசனின் கண்கள் ஏற்கெனவே முழுசாகத் திறந்திருந்ததால் அதற்குமேல் அகல வழியில்லை. மரங்கொத்தி விளக்கியது. சமாதானம் பேச வந்தவனைக் கதாநாயகன் பயத்தில் சுட்டுவிடுகிறான். அவன் செத்துவிழுகிறான். அவனுக்காகப் பதினோராவது கிரகம் பூமி மீது படையெடுத்து வருகிறது. அங்கேதான் உண்மையான கதை ஆரம்பம்.

"காயத்தோட விட்டுடக் கூடாதா சார்? கட்டுப் போட்டுக்கிட்டு ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கேன்."

"காயத்துக்கெல்லாம் யாரும் படையெடுத்து வரமாட்டாங்க. ரெண்டே நிமிஷம். சுட்டதும் விழு. அதோட உன் வேலை முடிஞ்சுது."

காடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாமனார் வீட்டில் டிவி முன்னால் பாய் விரித்திருப்பார்கள். அழகேசன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் போட்டது.

"செங்கமலம், இவங்க என்னை இன்னைக்கே கொன்னுடறாங்களாம். நாளையிலேர்ந்து வேலை இல்லை."

 செங்கமலம் மெதுவாகப் பேசியது.

"பரவாயில்லைங்க. ஒருநாள்னாலும் வேலை வேலைதானே? இதுவரைக்கும் எடுத்த எதையும் நீங்க முடிச்சதில்ல. இதையாவது அரைகுறையா விடாம நல்லா செத்துட்டு வாங்க. நாங்க பார்த்துக்கிட்டிருப்போம்."

அழகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்படியே ஆகட்டும், இந்தச் சாவில் ஒரு குறை சொல்ல முடியாதபடி செத்துக் காட்டிவிடுகிறேன் என்று முடிவு செய்துகொண்டு கேமரா முன்னால் வந்து நின்றது.

மயில் துப்பாக்கியை நீட்டிச் சுட்டது. அழகேசன் விழுந்த பிறகு, "பூமியைக் காப்பாற்றிவிட்டேன்!" என்று மயில் முழங்க வேண்டும். அதற்காக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

அழகேசன் சாக ஆரம்பித்தது. முதலில் வலது கை நெஞ்சை நோக்கிக் கிளம்பியது. சுட்டவனைப் பார்க்க முகம் திரும்பத் தொடங்கியது. மயில் இழுத்த மூச்சை விட்டுவிட்டு இன்னொன்றை இழுத்தது. நிழல்கள் நீண்டன. கை இன்னும் இடுப்பைத் தாண்டவில்லை.

"சீக்கிரம் செத்துத் தொலைய்யா!" மரங்கொத்தி விண்கலத்தைக் கொத்திக் கொத்தி ஓட்டை போட்டது.

"செத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

பொய்யில்லை. அழகேசன் தன்னால் முடிந்த வேகத்தில்தான் செத்துக்கொண்டிருந்தது. கூரியர் பெட்டியைக்கூட அது இவ்வளவு அக்கறையாகத் தூக்கியதில்லை. ஆனால் ஒளிபரப்பு நேரம் நெருங்கிவிட்டது. எடுத்தவரைக்கும் போதும் என்று அனுப்பிவிட்டு மரங்கொத்தி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அன்று மாலை காடே டிவி முன்னால் கூடியது. விண்கலம் வந்தது. சமாதானம் பேச வந்தவனைச் சுட்டார்கள். அதன்பிறகு திரையில் அந்த இரண்டு கண்கள் மட்டும்தான். சுட்டவனைத் தேடி மெல்ல, மெல்லத் திரும்பின. 'ஏன் சுட்டாய்?' என்று கேட்பதுபோல் நீர் கோத்து நின்றன. பகலெல்லாம் தூங்கும் பிராணிக்குப் பகல் முழுக்கத் தூக்கம் கெட்டதால் வந்த நீர் அது என்று யாருக்குத் தெரியும்? காட்டெருமை தேம்பி அழுதது. பாம்புகூடக் கீரியின் தோளில் சாய்ந்து விசும்பியது. கை நெஞ்சைத் தொடுவதற்குள் எபிசோடு முடிந்துபோனது.

மறுகணம் சேனல் அலுவலகத்தில் எல்லாப் போன்களும் அலறின. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அது செத்துச்சா, பொழைச்சுச்சா?"

பொழுது விடிந்ததும் மரங்கொத்தி கரடி முன்னால் கைகட்டி நின்றது. "மன்னிச்சுக்கங்க சார். இன்னைக்கு எப்படியும் செத்துடும்."

"செத்துச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!" என்று கரடி எழுந்து நின்றது. "இழுத்துக்கிட்டே கிடக்கட்டும்யா. அதுதான்யா தொடர்!"

அழகேசனை அழைத்துவர முயல் ஓட்டும் ஆட்டோவை அனுப்பினார்கள். விட்ட இடத்திலிருந்து அது சாவைத் தொடர்ந்தது. இரண்டாம் எபிசோடில் கை இடுப்பைத் தாண்டியது. கார்த்திகை தீபத்துச் சிறப்பு நிகழ்ச்சியாகக் கை நெஞ்சைத் தொட்டது. பொங்கலுக்கு இரண்டு மணி நேர மகா சங்கமம் ஒன்றில் இடது முழங்கால் லேசாக மடங்க ஆரம்பித்தது. அதைப் பார்க்கக் காட்டில் கடையடைத்தார்கள். அது பிழைக்க வேண்டுமென்று பெண்மான்கள் விளக்கு போட்டன. கையை இறக்கி மறுபடி தூக்க நேரம் பிடிக்கும் என்பதால், அழகேசன் நெஞ்சில் வைத்த கையோடும் விழப்போகிறவன்போல் அந்தரத்தில் நீட்டிய இன்னொரு கையோடும்தான் வீட்டுக்கு வந்து போனது. நீட்டிய கையில் செங்கமலம் குட்டிகளின் துணியைக் காயப்போட்டுக்கொண்டது.

மயில்தான் பாவம். துப்பாக்கியை நீட்டியது நீட்டியபடி நின்றது. தோகை உதிர்ந்து மறுபடி முளைத்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் நடுவில் பாய்ந்து, "பூமியைக் காப்பாற்றிவிட்டேன்!" என்று கத்திவிட்டது. சாகிறவர் பக்கத்தில் இப்படியா கூச்சல் போடுவது என்று பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த வாரமே மயிலுக்குப் பதில் ஒரு கொக்கை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் அசையாமல் நிற்க அதற்குப் பழக்கம் இருந்தது.

ஒரு சாயங்காலம் மரங்கொத்தி அழகேசனைத் தனியாகப் பிடித்தது. கொத்தக்கூட அதற்குத் தெம்பில்லை.

"ஐயா, உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன், செத்துடுய்யா. அந்தக் கிரகத்துல சிவப்பு மழை பெய்யுது. நாலு நிலா இருக்கு. ஒண்ணைக்கூட நான் யாருக்கும் காட்டலை."

அழகேசனுக்குக் கஷ்டமாக இருந்தது. தன் நடையை முதன்முதலில் மெச்சிய வாய் அது. "நானும் அவசரமாத்தான் சார் செத்துக்கிட்டிருக்கேன்," என்றது. "வேணும்னா நாளைக்கு இன்னும் கொஞ்சம் முயற்சி பண்றேன்."

வீட்டில் மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் அடிக்கடி வருகிறார்கள். செங்கமலம் கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைப் பக்குவமாக வதக்கி, கைகள் இரண்டும் வேலையாக இருந்த புருஷனுக்கு ஊட்டிவிட்டபடியே கேட்டது.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் செத்தீங்க?"

"இடது கண்ணு மூட ஆரம்பிச்சிருக்கு. டைரக்டர் பாவம், ரொம்ப வருத்தப்படறார். நாளைக்கு வலது கண்ணையும் சேர்த்து மூடிடலாமான்னு பார்க்கறேன்."

செங்கமலம் ஊட்டுவதை நிறுத்தியது. தூளியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணும் அவசரமில்லைங்க," என்றது. "பசங்க காலேஜ் முடிக்கட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

நீதி: எடுத்த வேலையைச் சட்டென்று முடிப்பவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இழுத்துக்கொண்டே இருப்பவருக்கு நாளைக்கும் ஆட்டோ வரும். அந்த வேலை சாவதாகவே இருந்தாலும் சரி.