பேர் சொல்லக் கூடாத எண்ணெய்

திருப்புலிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்குத் தண்டபாணி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். வாலாஜாபாத்தில் நீங்களும் என் தங்கச்சி சித்ராவும் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது, முகம்தான் இல்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் கடிதம்.

போன வருஷம் ஆவணியில், என் பேத்தியின் காதுகுத்துப் பந்தியில், ரசவாளியோடு நின்று போன் பேசிக்கொண்டிருந்த உங்களைப் பார்த்து, "இன்னா மாப்ள, வெளக்கெண்ண மாதிரி நின்னுக்கினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் மைக் அணைக்காமல் இருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர், இன்றுவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சித்ராவும் வரவில்லை. அந்தச் சொல்லை இனி எடுக்கவே கூடாது என்று என் வீட்டுக்காரி சரசு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்போது டைபாய்டுக்கு அப்புறம் சித்ராவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். நான் காய்ச்சும் தலை எண்ணெய் வேண்டும் என்று பால் வண்டி அருள்தாஸிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பதினான்கு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் இது. சிக்கல் என்னவென்றால், அதில் பாதி தேங்காய் எண்ணெய், கால் பங்கு நல்லெண்ணெய், மிச்சக் கால் பங்கு அந்த எண்ணெய். பேர் சொல்லாமல் எப்படி வாங்குவது? அதற்குப் பதிலாகக் கடலை எண்ணெய் ஊற்றி என் தலையில் தேய்த்துப் பார்த்தேன். தலையணையெல்லாம் பஜ்ஜிக் கடை வாசம். வேப்பெண்ணெய் ஊற்றினேன், சரசு பாயைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். கடைசியில் உத்திரமேரூர் பஜாரில் ராஜாராம் கடைக்குப் போய், "வெளக்குக்கு ஊத்துவாங்களே, அந்த எண்ணெ குடுப்பா" என்றேன். அவரும் கொடுத்தார். சாமி விளக்குக்கு ஊற்றுகிற, வாசனை போட்ட கலப்பு எண்ணெய். லேபிளைப் படிக்காமல் தேய்த்தேன். "இன்னாயா, கோயிலுக்குப் போயிட்டு வர்றியா?" என்றாள் சரசு. மதியத்துக்குள் நெற்றியெல்லாம் அரிப்பு. மூன்று தரம் சீயக்காய் போட்டும் வாசனை போகவில்லை. மீதியை விளக்குக்கே ஊற்றிவிட்டோம்.

அப்புறம் சரசுவிடம் ஒரு நாள் விலக்கு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். கடையில் கூட்டம். எக்கிப் பார்த்து ஒரே வார்த்தையாகக் கத்தினேன். "யார்ரா அது, காலங்காத்தால என்னப் பாத்து வெளக்கெண்ணங்கறது?" என்று ராஜாராம் எழுந்துவிட்டார். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நான் காய்கறிப் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பந்தியில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அடுப்பை மெல்ல எரியவிட்டுக் காய்ச்சும்போது யோசித்தேன். தேங்காய் எண்ணெய் ஓடிவிடும். இதுதான் கெட்டியாக, அவசரப்படாமல், மயிர்க்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் குணத்தைத்தான் நான் திட்டாக்கினேன். சித்ரா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் நீங்கள் கட்டிலை விட்டு நகரவில்லை என்று அருள்தாஸ் சொன்னார். அண்ணன் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலிலேயே வையுங்கள். ஜன்னல் மேல் வேண்டாம், வெயில் பட்டால் கெட்டுவிடும். ஈரக் கை படக் கூடாது. குளிரில் உறைந்தால் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்துங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். மூன்று மாதம் போனால் சிக்கு வாடை வரும், அப்போது தலைக்கு வேண்டாம், கதவுக் கீலுக்குப் போடுங்கள். எண்ணெயே மூன்று மாதம்தான் தாங்குகிறது, நாம் ஒரு கோபத்தைப் பதினான்கு மாதம் வைத்திருக்கிறோம்.

உங்கள் இருவருக்கும் எந்த நோய் நொடியும் அண்டாதிருக்கட்டும். சித்ராவுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வாய் அடங்கிய மைத்துனன்
தண்டபாணி

பி.கு.: பெட்டியை டேப் சுற்றி அருள்தாஸ் வண்டியில் ஏற்றிய பிறகுதான் சரசு சொல்கிறாள். கலந்த எண்ணெயோடு, உங்கள் கால் வெடிப்புக்கென்று அந்த எண்ணெயைத் தனியாக ஒரு பாட்டிலும் வைத்திருக்கிறாளாம். "மாப்பிள்ளைக்கு" என்று எழுத லேபிளில் இடம் போதாமல் "க்கு"வை விட்டுவிட்டாளாம். ஆகவே பாட்டில் மேல் "மாப்பிள்ளை விளக்கெண்ணெய்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திட்டுவதென்றால் போனில் வேண்டாம். சித்ராவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து திட்டுங்கள். ரசம் நான் பரிமாறுகிறேன்.