சாக்கட்டிக் கோட்டுக்குள் ஒரு மெஷின்

வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போவார்கள், பிடித்ததைக் கை காட்டுவார்கள், தூக்கிக்கொண்டு வருவார்கள், வீட்டில் வைத்து ஒரு வாரம் வருத்தப்படுவார்கள். வாங்காதவர்களையும் தெரியும். இருப்பதை வைத்து ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உலவுகிறது. வாங்கவும் வாங்காது, விடவும் விடாது. அதற்குப் பெயர் சூட்டிய பெருமை எங்கள் தெருவைச் சேரும். பெயர், 'வாங்கலாமா'.

எங்கள் தெரு வாங்கலாமா, நான் குடியிருக்கும் மாடி அறைக்குச் சொந்தக்காரர். நான் அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். தண்ணீர் அலுவலகத்தில் வேலை. வீடுகளில் மாட்டியிருக்கும் மீட்டர் சரியாக அளக்கிறதா என்று அளந்து பார்க்கும் பிரிவு. அளப்பதையே அளக்கிறவர் என்றால் மனிதர் எப்படிப்பட்டவர் என்று யூகித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தச்சராகிவிடுவார். வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில் அவர் இதுவரை செய்தவை: சாவி மாட்டும் பலகை ஒன்று, முக்காலி ஒன்று (அதில் யாரும் உட்காருவதில்லை, ஏன் என்று அந்த முக்காலிக்கே தெரியும்), பிறகு முடிந்தும் முடியாமலும் ஒரு மேசை.

இந்த மேசைதான் விஷயம். அது அவர் மனைவிக்காக. அண்ணி தையல் வேலை செய்கிறவர். துணி வெட்டுவதற்கு மேசை கிடையாது. தரையில் துணியை விரித்து, முட்டி போட்டு, குனிந்து குனிந்து வெட்டுவார். முட்டியைப் பார்த்த டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: "இனிமே தரையில உட்கார்ந்து வெட்டினா, அப்புறம் என்னைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்." அன்று சாயங்காலமே அண்ணன் மரக்கடைக்குப் போனார். யோசிக்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான். ஐந்து பலகைகள் வாங்கினார், பசை போட்டு ஒட்டினார், கிளாம்ப் மாட்டி இறுக்கினார், கால்கள் நான்கும் செய்து முடித்தார். இரண்டே வாரம். தேய்த்து வழவழப்பாக்குவது மட்டும் பாக்கி. துணி வெட்டும் மேசை சொரசொரவென்று இருந்தால் நூல் இழுத்துக்கொள்ளும், ஒரு வாடிக்கையாளரின் துணி போனால் பேரும் போகும். அதனால் தேய்த்தே ஆக வேண்டும்.

எதைக் கொண்டு தேய்ப்பது?

இங்கேதான் வாங்கலாமா விழித்துக்கொண்டார்.

டிரம் சேண்டர் என்று ஒரு மெஷின் இருக்கிறது. பெரிய உருளை, அதைச் சுற்றி உப்புத்தாள், அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பட்டை. இந்தப் பக்கம் பலகையை வைத்தால் அந்தப் பக்கம் சவரம் செய்துகொண்ட கன்னம் மாதிரி வெளியே வரும். யாரோ ஒரு தாடிக்காரர் தன் வீட்டு ஷெட்டில் அதை ஓட்டிக் காட்டும் வீடியோவை அண்ணன் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து பதினோரு மாதம்.

"கையால தேய்ச்சா எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நாலு மணி நேரம் தம்பி! நாலு முழு மணி நேரம்! ஒரு மனுஷன் எவ்வளவு நேரத்தைத்தான் வீணடிக்க முடியும், சொல்லு."

சொல்லவில்லை. பதினோரு மாதத்தில் எத்தனை மணி நேரம் என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தெரியும். ஆனால் மாடி அறை நல்ல காற்றோட்டமான அறை.

வாங்கலாமா இனத்தை அடையாளம் காண்பது சுலபம். முதல் அடையாளம் நோட்டு. நீல அட்டை, நடுவில் ரப்பர் பேண்ட். அதில் எந்தெந்த மெஷின், மோட்டாருக்கு எவ்வளவு சக்தி, பட்டை ஒரு பக்கமாக விலகிப் போகுமா, மரத்தூளை உறிஞ்ச எவ்வளவு அகலக் குழாய், வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள், சொன்னவர்கள் யோக்கியர்களா என்பது வரை இருக்கும். அபிப்பிராயங்களில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் முதலில் படிப்பார். எங்கோ, என்றோ, யாரோ ஒருவருடைய மெஷினில் ஒரு திருகு கழன்றிருந்தால் இவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார். இரண்டாவது அடையாளம் பேச்சு. "நான் மெஷினுக்கு எதிரி இல்ல தம்பி, அவசரத்துக்குத்தான் எதிரி." இதைச் சொல்லும்போது குரல் தணியும், கண் கொஞ்சம் மேலே போகும். கேட்கிறவருக்கு எழுந்து நிற்கலாமா என்று தோன்றும்.

மெஷினை வாங்கவில்லையே தவிர, மெஷினுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிவிட்டார். முகமூடி வாங்கினார். காதை மூடிக்கொள்ளும் கவசம் வாங்கினார். இரைச்சல் போடும் மெஷின் இன்னும் வராததால், அண்ணி மேசையைப் பற்றிப் பேச்செடுக்கும் சமயங்களில் அதைப் போட்டுப் பழகிக்கொண்டார். உருளையில் சுற்றுவதற்கென்று உப்புத்தாள் சுருள்கள் பத்து வாங்கி, நம்பர் வாரியாக ஷெல்ஃபில் அடுக்கினார். தூள் உறிஞ்சும் குழாயைச் சுவரோடு சுவராக மாட்டி, ஒரு வளைவு வளைத்து, வாயை ஷெட்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் குழாய் பதினோரு மாதமாக எதையும் உறிஞ்சாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

குழாய் வாய்க்கு நேர் கீழே, தரையில், அண்ணியின் தையல் சாக்கட்டியால் ஒரு நீள்சதுரக் கோடு.

"இது என்னண்ணே?"

"மெஷின் நிக்கிற இடம். முன்னாடி பலகையைத் தள்ள, பின்னாடி பலகையை வாங்க, ரெண்டு பக்கமும் இடம் விட்டுப் போட்டிருக்கேன். மிதிக்காதே!"

மிதிக்கவில்லை. யாரும் மிதிக்கக் கூடாது. ஷெட்டில் நிறுத்தி வந்த சைக்கிள் வெளியே போனது, மழையில் நனைந்தது, துருப்பிடித்தது. அண்ணி துணி மூட்டையை எடுக்கக் கோட்டைச் சுற்றி, சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து போவார், அந்த முட்டியோடு. அண்ணனோ இன்னும் ஒரு படி மேலே. கோட்டுக்குள் இருக்கும் காலி இடத்தைத் தாண்டும்போது கையை ஊன்றப் போவதுபோல் நீட்டி, பிறகு ஞாபகம் வந்து மடக்கிக்கொள்வார். கோடு அழிந்தால் வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்.

"ஏங்க, என் சாக்கட்டியெல்லாம் எங்கதான் போகுது?" என்று அண்ணி கேட்பார்.

காதுக் கவசம்.

அண்ணிக்குத் தெரிந்த ஒரு தச்சர் வழியில் எட்டிப் பார்த்தார். சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர், அதே ஜாதி மெஷினைப் பெரிய அளவில் தினமும் ஓட்டுகிறவர். அவரிடம் அண்ணன் நோட்டைத் திறந்தார். தச்சர் இரண்டு பக்கம் கேட்டார், மூன்றாவதில் கையமர்த்தினார்.

"சார், வாரத்துக்கு இருபது பலகை தேய்க்கிறவனுக்கு அந்த மெஷின் இன்னொரு கை மாதிரி. மெல்லிசுப் பலகையெல்லாம் ஒரே கனத்துக்குக் கொண்டுவரணும்னா அது இல்லாம முடியாது. வருஷத்துக்கு ஒரு மேசை செய்யறவங்களுக்கு அது ஒரு அலமாரி. மேல பெயிண்ட் டப்பா வச்சுக்கலாம்."

"அப்ப வேண்டாங்கறீங்களா?"

"வேணுமா வேண்டாமான்னு நான் சொல்லல. அந்த மேசையை என் பட்டறைக்குக் கொண்டு வாங்க. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தேய்ச்சுக் கொடுத்துடறேன்."

அவர் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா தம்பி? நாம வாங்கிட்டா தன் பொழைப்பு போயிடும்னு பயப்படறான்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை நான் சொல்லாமலே தெருவுக்குத் தெரியும், எப்படி என்றால் நான்தான் சொன்னேன். ஆகவே அடுத்து அண்ணன் விரித்த வலையில் எப்படி விழுந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. "நீ படிச்ச பையன். இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து கொடேன்" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் உட்கார்ந்தேன். நோட்டில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆறு மெஷின்களையும் வரிசைப்படுத்தி, பதினான்கு கட்டங்கள் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டி, அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் கண் கலங்கிவிட்டது. பட்டமளிப்பு விழாவில்கூட என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை கீழேயிருந்து குரல் வந்தது. "தம்பி, வா! முடிவு பண்ணிட்டேன்!"

ஷெட்டுக்கு ஓடினேன். அண்ணன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, நோட்டோடு நின்றார். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்போடு தையலைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணியும் வந்திருந்தார். பச்சைக் கட்டம் அதிகம் வாங்கிய மெஷினின் பேரை அண்ணன் படித்தார். மோட்டாரைப் படித்தார். உத்தரவாதத்தைப் படித்தார்.

அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எவ்வளவு அகலப் பலகை வரைக்கும் விழுங்கும்?"

"பதினாறு அங்குலம். ஒரு பக்கம் திறந்தே இருக்கும், அதனால பலகையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை விடலாம். ஆக மொத்தம் முப்பத்திரண்டு! நம்ம பலகை வெறும் ஏழு அங்குலந்தானே? நோட்டுல இருக்கு பாரு."

இருந்தது. முதல் பக்கத்தில், மூன்றாவது வரியில்: 'பலகை அகலம் 7 1/4'. மரக்கடையிலிருந்து வந்த அன்று எழுதியது. அதற்கு மறுநாள் அந்த ஐந்து பலகைகளையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பலகையாக்கியதை நோட்டு அறியாது. நோட்டு அறியாததை அண்ணனும் அறியமாட்டார். நோட்டைப் பார்த்து எழுதிய பட்டதாரி மட்டும் எப்படி அறிவான்?

அண்ணி சுவரில் சாய்ந்திருந்த மேசைப் பலகையிடம் போனார், டேப்பை இழுத்துக் குறுக்கே வைத்தார், கட்டைவிரலை ஊன்றினார்.

"முப்பத்தாறு."

பதினோரு மாதம், ஆறு மெஷின், பதினான்கு கட்டம். அதில் மேசையின் அகலத்துக்கு ஒரு கட்டம் இல்லை. நான் குழாயின் வாயைப் பார்த்தேன். குழாய் என்னைப் பார்த்தது.

அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். "ஒண்ணும் மோசமில்ல. நடுவுல ஒரு அறுப்பு அறுத்தா..."

"எதை?" என்றார் அண்ணி.

அந்த ஒரு சொல்லிலேயே அண்ணன் அந்த யோசனையை வாபஸ் வாங்கினார். முகம் மட்டும் வாடவில்லை. வாங்கலாமாவை மற்ற மனிதர்களிடமிருந்து பிரிப்பது இதுதான். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவரோ ரப்பர் பேண்டை எடுத்து நோட்டை மூடி, ஷெல்ஃபிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு அட்டை. "அப்ப பெரிய மெஷினா பார்க்கணும்" என்றார். விடுமுறை கிடைத்த பிள்ளையின் குரல் அது. அடுத்த ஞாயிறே, பக்கத்து ஊரில் நடந்த மெஷின் கண்காட்சிக்குக் காலை எட்டரை பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டு ஐந்து நிமிஷம் இருக்கும். மாடிப்படியில் அண்ணியின் குரல்.

"தம்பி, பட்டம் வாங்கின கை சும்மாத்தானே இருக்கு? கீழ வா."

போனேன். ஷெல்ஃபில் இருந்த பத்துச் சுருள்களில் சொரசொரப்பானதை எடுத்து, கத்திரியை வைத்து ஒரே வீச்சில் துண்டு போட்டிருந்தார். ஆளுக்கொரு கட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டோம். பலகையை இரண்டு ஸ்டூல்கள் மேல் கிடத்தினோம். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம், நான் நின்று ஒரு பக்கம். மரத்தின் ரேகை போகிற வாக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். இது என் பட்டியலில் இல்லாத விஷயம்.

"அண்ணி, போதுமான்னு எப்படித் தெரியும்?"

அவர் லைனிங் துணியில் ஒரு வெட்டுத் துண்டை எடுத்தார். காற்று பட்டால் நழுவும் அந்த மெல்லிய துணியை மேசையில் போட்டு, ஒரு விரலால் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். துணி எங்கே ஒரு நொடி தயங்கி நின்றதோ அங்கே சாக்கட்டியால் ஒரு சுழி. சுழித்த இடத்தில் மறுபடி தேய். மறுபடி துணி. மறுபடி சுழி. சொரசொரப்பு குறைந்த அடுத்தடுத்த நம்பர் தாளுக்கு மாற மாறச் சுழிகள் குறைந்தன. கடைசியாகத் துணியை இந்த முனையில் போட்டு ஊதினார். அது அந்த முனை வரை தயங்காமல் போய் என் கையில் விழுந்தது.

மணியைப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஆரம்பித்தது, ஒன்றரை. இடையில் ஒரு டீ.

கால்களை மாட்டி நிமிர்த்தியபோதுதான் கேள்வி வந்தது. எங்கே போடுவது? ஷெட்டில் ஒரே ஒரு காலி இடம்தான் இருந்தது. அண்ணி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். தூக்கி வைத்தோம். கோட்டுக்குள் அச்சாக உட்கார்ந்தது, சுற்றிலும் நான்கு விரல் இடம் விட்டு. பதினோரு மாதமாக அண்ணன் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்தது இந்த மேசைக்காகத்தானோ என்று தோன்றியது.

சாயங்காலம் அண்ணன் ஒரு பை நிறைய விளம்பரத் தாள்களோடு வந்தார். ஷெட் வாசலில் நின்றார். அண்ணி உள்ளே நேராக நின்று, முதுகு வளையாமல், முட்டி மடங்காமல், ஒரு நீளத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் உள்ளே வந்து பலகையில் உள்ளங்கையை வைத்து, அந்த முனையிலிருந்து இந்த முனை வரை தடவினார். திரும்பவும் தடவினார்.

"எத்தனாம் நம்பர் தாள்?"

"உங்க தாள்தான்."

"எவ்வளவு நேரம்?"

"நாலரை மணி நேரம்ணே" என்றேன் நான்.

அண்ணன் அண்ணியின் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணியும் நினைத்திருக்க வேண்டும், கத்திரி நின்றது. அண்ணன் மெதுவாகச் சிவப்பு நோட்டை எடுத்தார், எழுதினார், மூடினார்.

"நான் நாலுன்னு சொன்னேன். அரை மணி அதிகம்." பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியமாக, "இதைத்தான் தம்பி சொல்றேன். மெஷின் இருந்தா அந்த அரை மணி மிச்சம். ஆமா... மேசை இங்க வந்துடுச்சே, மெஷினை எங்க வைக்கலாம்?"

கத்திரி மறுபடி ஓட ஆரம்பித்தது.

நான் மாடிக்கு வந்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் வந்தேன், அறைக் கதவைத் திறக்கும் வரை. உள்ளே புத்தகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன. அலமாரி வாங்க வேண்டும், மரமா இரும்பா என்று இரண்டு வருஷமாக ஒரு பட்டியல் போட்டு வருகிறேன். ஒன்பது கட்டம் ஆகியிருக்கிறது. சுவரோரம் ஒரு பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில், அங்கே ஒன்றுமே இல்லாதபோதும், வீட்டார் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து போகிறார்களா? அப்படியானால் கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்கள். கோடு இருக்கும். கையெழுத்து யாருடையது என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.